லோங்காங் மறுபடியும் ஆறான கதை

அனைவருக்கும் வணக்கம்.

இங்கே வந்திருப்பவர்களில் பலர் அங் மோ கியோவிலும் பீஷானிலும் வளர்ந்தவர்கள். அதனால் 'லோங்காங்' என்று நாம் சொல்லும் சிமெண்டுக் கால்வாயைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. சிங்கப்பூரின் மிக நீளமான ஆறு காலாங் ஆறு. சுமார் 10 கிலோமீட்டர். ஆனால் நம் பேட்டை வழியாக ஓடிய பகுதியை யாரும் ஆறு என்று சொன்னதே இல்லை. இரண்டு பக்கமும் சிமெண்டுச் சரிவு, நடுவில் ஒரு கோடு மாதிரி தண்ணீர், மேலே கம்பி வேலி. "கிட்டப் போகாதே" என்று அம்மா அதட்டியது இன்னும் என் காதில் இருக்கிறது. 1988ல் பக்கத்திலேயே பூங்கா வந்தது, இன்றைய பீஷான்-அங் மோ கியோ பூங்கா. வந்தும், பூங்கா ஒரு புறம், தண்ணீர் ஒரு புறம்.

கான்கிரீட் போட்டவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். மழை பெய்தால் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்த காலம் அது. தண்ணீரைச் சீக்கிரம் கடலுக்குத் தள்ளிவிட வேண்டும் என்று கட்டினார்கள். சரி, அதுவும் பல வருஷம் உழைத்தது. ஆனால் சிமெண்டுக்கும் வயதாகும். கால்வாயைப் புதுப்பிக்க வேண்டிய நேரமும், பூங்காவைப் புதுப்பிக்க வேண்டிய நேரமும் ஒன்றாக வந்தன. கால்வாய் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் பொறுப்பு, பூங்கா தேசியப் பூங்காக் கழகத்தின் பொறுப்பு. அவரவர் வேலையை அவரவர் முடித்துக்கொண்டு போயிருந்தால் நமக்குப் புது சிமெண்டும் புது வேலியும்தான் கிடைத்திருக்கும். நீர்நிலைகளை மக்களுக்குத் திறந்துவிட 2006ல் தொடங்கிய திட்டத்தின்கீழ் இரண்டு கழகங்களும் சேர்ந்து உட்கார்ந்தன. பூங்காவின் நிலத்தையே ஆற்றுக்குக் கொடுத்துவிடலாம் என்று முடிவானது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

நேராகக் கிடந்த 2.7 கிலோமீட்டர் கால்வாயை உடைத்து, சுமார் 3 கிலோமீட்டர் வளைந்து ஓடும் ஆறாக்கினார்கள். சிமெண்ட் இல்லாமல் கரை எப்படி நிற்கும்? இந்த மண்ணில், இந்த மழையில் அது நிற்குமா என்ற பயம் அவர்களுக்கும் இருந்திருக்கும். அதனால்தான் 2009ல் முதலில் 60 மீட்டர் நீளத்துக்கு மட்டும், பத்து விதமாகக் கரை கட்டிச் சோதித்தார்கள். அதில் ஒன்றைச் சொல்கிறேன். உயிருள்ள குச்சிகளை நீளவாக்கில் கட்டு கட்டாகக் கட்டி, சரிவில் பள்ளம் எடுத்துப் படுக்க வைத்து, முளை அடித்து, மேலே மண் தூவுவது. அந்தக் குச்சிகள் துளிர்க்கும், வேர் விடும். வேர் உள்ளே போகப் போகக் கரை இறுகும். சிமெண்டின் பலம் வருஷம் போகப் போகக் குறைகிறது. வேர் வைத்த அன்றிலிருந்து பலம் கூடுகிறது.

நம் தாத்தாக்களுக்கு இது புதிதாக இருந்திருக்காது. நாணலும் நொச்சியும் வெட்டிவேரும் வைத்துக் கரை காத்த ஊர்களிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் அவர்கள்.

அப்புறம் மழை. சாதாரண நாளில் முழங்காலளவு ஓடையாக ஓடும் தண்ணீர், பெருமழையில் புல்வெளி மேல் ஏறி, அகலத்தில் 100 மீட்டர் வரை பரவும். அதற்காகவே விட்ட இடம் அது. பழைய கால்வாயைவிடச் சுமார் 40 விழுக்காடு அதிக நீரை இது தாங்கும். வேலி இல்லை. அதற்குப் பதில் எச்சரிக்கை ஒலி, விளக்கு, அறிவிப்பு, அங்கங்கே மிதவை வளையம். ஒலி கேட்டால் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள். "கிட்டப் போகாதே" என்பதைவிட "எப்போது ஏற வேண்டும்" என்பது பெரிய பாடம்.

வெளியூர் நண்பர்கள் வந்து பார்த்துவிட்டு, "எங்கள் ஊர்க் கால்வாயையும் இப்படி மாற்ற வேண்டும்" என்பார்கள். கட்டாயம் மாற்றுங்கள். ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். இந்த ஆற்றைச் சுத்தம் செய்யும் வேலை 1977லேயே தொடங்கிவிட்டது. சாக்கடை இணைப்பு, பன்றிப் பண்ணைகளை அகற்றியது, கரையோரத் தொழில்களுக்கு மாற்று இடம் என்று பத்து வருஷம் பிடித்தது. கழிவுநீர் நின்ற பிறகுதான் குச்சியும் செடியும் வந்தன. அழுக்குத் தண்ணீரின் கரையில் பூச்செடி நட்டு யாரை ஏமாற்றப் போகிறோம்?

புதுப்பித்த பூங்கா 2012ல் திறந்தது. எந்த விலங்கையும் கொண்டுவந்து விடவில்லை. நாரை வந்தது, தும்பி வந்தது, பின்னாளில் நீர்நாய்க் குடும்பமே வந்தது. முதல் தடவை நான் பார்த்த நீர்நாய் ஒரு மீனைத் தலையிலிருந்து கடித்துத் தின்றுகொண்டிருந்தது; முள் நொறுங்கும் சத்தம் கரையில் நின்ற எனக்குக் கேட்டது. பக்கத்தில் பத்துப் பதினைந்து பேர். யாரும் பேசவில்லை.

உடைத்த கான்கிரீட் எங்கே போனது என்று கேட்பீர்கள். பூங்காவில் ஒரு குன்று இருக்கிறதே, அது அந்தக் கால்வாயின் பலகைகளைக் கொண்டு எழுப்பியதுதான். என் பேரன் அதில் ஓடி ஏறுகிறான். அம்மா என்னை அண்டவிடாத அதே சிமெண்டில் அவன் உட்கார்ந்து, கீழே ஆற்றைப் பார்த்துக்கொண்டு ரொட்டி தின்கிறான்.