வாசப்படி ஓரம் கிடந்த சாவி

பெருமதிப்புக்குரிய வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, எட்டாம் வகுப்பில் என்னை முதன்முதலாக மேடையேற்றிய தமிழாசிரியர் ஐயா அவர்களே, ஓய்வுபெற்ற பிறகும் தினமும் நூலகத்துக்கு வந்துபோகும் நூலகர் ஐயா அவர்களே, காலையிலிருந்து நாற்காலி சுமந்த தம்பிகளே, உலையை இறக்கிவைத்துவிட்டு ஓடி வந்திருக்கும் தாய்மார்களே, எல்லாருக்கும் வணக்கம். தலைவர் அம்மா இன்னொரு விழாவைத் தள்ளிவைத்துவிட்டு வந்திருக்கிறார். அவரிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

'வீட்டுக்கு வீடு வாசப்படி' என்பார்கள். எல்லா வீட்டிலும் தொல்லை உண்டு என்று அதற்குப் பொருள் சொல்வது வழக்கம். எனக்கு அந்தப் பழமொழியில் வேறொரு கேள்வி இருக்கிறது. வாசப்படி எல்லா வீட்டுக்கும் உண்டு, சரி. நினைத்தபோது அதைத் தாண்டுகிறவர் யார்?

அமெரிக்காவில் சார்லட் பெர்க்கின்ஸ் கில்மன் என்ற பெண் 'மஞ்சள் சுவர்த்தாள்' என்றொரு சிறுகதை எழுதினார். வெளிவந்தது 1892இல். அதில் மூன்றைப் பற்றிப் பேச நினைத்து வந்தேன்: அறை, மருத்துவர், சுவர்.

பிள்ளை பெற்ற பின் மனம் சோர்ந்துபோன ஒருத்தியை, மருத்துவரான அவள் கணவன் ஒரு மாடியறையில் ஓய்வெடுக்க வைக்கிறான். ஜன்னலுக்குக் கம்பி. கட்டிலைத் தரையோடு அறைந்திருக்கிறது. எழுதக்கூடாது என்பது கட்டளை. அவன் கொடுமைக்காரன் இல்லை, நன்றாகக் கவனித்துக்கொள்கிறவன். இந்தக் கதையை வாசிக்கும்போது விட்டுவிடக் கூடாத இடம் இதுதான். அடித்தால் ஊர் கேட்கும். அன்பாகப் பூட்டினால் யார் கேட்பது?

இது கில்மன் பட்ட பாடு. 1887இல் அவருக்கு வைத்தியம் பார்த்த பெரிய மருத்துவர், வீட்டோடு இரு, நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் மூளைக்கு வேலை கொடுக்காதே, சாகும்வரை பேனாவைத் தொடாதே என்று சொல்லி அனுப்பியதாக அவரே 1913இல் எழுதியிருக்கிறார். அந்த இரண்டு மணி நேரத்தை நினைவில் வையுங்கள்.

அப்புறம், சுவர். கதையில், அந்த அறைச் சுவரில் அலங்காரத்துக்கு ஒட்டியிருக்கும் மஞ்சள் தாளுக்குள் ஒரு பெண் அடைபட்டிருப்பதாக அவளுக்குத் தெரிகிறது. இதைப் படித்தபோது எனக்கு என் அத்தை ஞாபகம்தான் வந்தது.

அத்தை ஐந்தாவதோடு நின்றவர். மாமா புத்தகம் வாங்கித் தர மாட்டார். பலசரக்குக் கடைக்கு என்னை அனுப்பும்போது, "பத்திரிகைத் தாளில் கட்டித் தரச் சொல்லுடி" என்பார். பருப்பைக் கொட்டிவிட்டுத் தாளை நீவி, சோற்றுப்பசை தடவி அடுப்படிச் சுவரில் ஒட்டுவார். ஊதாங்குழலும் கையுமாக உட்கார்ந்தபடி வாசிப்பார். ஒரு தாளில் தொடர்கதை ஒன்றின் பாதி இருந்தது. ஒரு பெண் தனியாக ரயிலேறுகிறாள், அதோடு தாள் முடிந்துவிட்டது. மீதியைத் தேடி நான் அந்தக் கடைக்கு எத்தனை முறை போயிருப்பேன்! சீரகம் வாங்கப் போனேன், கடுகு வாங்கப் போனேன், ஒன்றும் கிடைக்கவில்லை. புகை ஏறித் தாளெல்லாம் மஞ்சளாகிவிட்டது. அந்தப் பொங்கலுக்கு மாமா எல்லாவற்றையும் சுரண்டி வெள்ளையடித்தார். அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. இருபது வருஷம் கழித்து, நோயில் படுத்திருந்தபோது என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "ஏண்டி, ரயிலேறினாளே, அவள் ஊர் போய்ச் சேர்ந்தாளா?"

நூலகம் அத்தை வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. வீட்டுக்கு வீடு வாசப்படி.

கில்மன் கதையின் முடிவு விடுதலையா, தோல்வியா என்று இன்றும் சண்டை போடுகிறார்கள். அதற்குள் போனால் நேரமாகிவிடும். ஒன்று மட்டும் சொல்கிறேன். கடைசியில் அவள் உள்ளே பூட்டிக்கொண்டு சாவியை வெளியே வீசிவிடுகிறாள். அது எங்கே கிடக்கிறது தெரியுமா? முன்வாசல் படியோரம், ஓர் இலைக்கு அடியில்!

கதை வந்த அதே 1892இல்தான் நம் சீர்காழியில் நூலகத் தந்தை ரங்கநாதன் பிறந்தார். சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் 1948இல் நம் மாநிலத்தில்தான் வந்தது. வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். அந்த வீட்டைப் பெருக்கித் துடைக்கிறவளுக்கு நூலகம் திறந்திருக்கிறதா? தலைவர் அம்மா, எங்கள் பெண்களுக்குக் கை ஓய்வது மதியம் இரண்டிலிருந்து நான்கு வரைதான். நம் ஊர்க் கிளை நூலகம் அப்போது பூட்டிக் கிடக்கிறது. பேனாவைப் பிடுங்கிய மருத்துவர்கூட இரண்டு மணி நேரம் விட்டுவைத்தார். அந்த இரண்டு மணி நேரத்தைத்தான் கேட்கிறோம். நூலகத் துறைக்கு நீங்கள் ஒரு கடிதம் எழுத வேண்டும்.

வாசலில் மேசைமேல் மனு நோட்டு இருக்கிறது. தாய்மார்களே, போகும்போது கையெழுத்துப் போடுங்கள். வீட்டுக்காரர் பெயர் வேண்டாம், உங்கள் பெயரை எழுதுங்கள். வணக்கம்.