முப்பத்திரண்டு தலைகளும் ஒரு குளமும்

(பருவ நிறைவுக் கூட்டத்தில் பெற்றோர், ஆசிரியர் முன்னிலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் மூன்றாம் வகுப்பு இந்தப் பருவத்தில் என்னென்ன செய்தது, எங்கெங்கே போய்வந்தது என்று பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். இத்தகைய கூட்டங்களில் வரிசையாக நின்று கையசைக்கும் பிள்ளைகளின் படங்களைத் திரையில் ஓடவிட்டுக் கைதட்டல் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவது வழக்கம். நானும் பல ஆண்டுகள் அதைத்தான் செய்தேன். இன்று படங்களுக்குப் பதிலாகப் பிள்ளைகளின் குறிப்பேடுகளைக் கொண்டுவந்திருக்கிறேன். அட்டை கிழிந்தும் சேறு படிந்தும் இருப்பவற்றைப் பொறுத்தருள வேண்டும்.

முன்பெல்லாம் பருவத்துக்கு ஒரு பெரிய சுற்றுலா என்பதே எங்கள் வழக்கமாக இருந்தது. ஒரு முறை பெரிய அருங்காட்சியகம் ஒன்றை இரண்டு மணி நேரத்தில் சுற்றிவந்தோம். எந்தக் கண்ணாடிப் பெட்டியின் முன்பும் ஒரு நிமிடம் நின்றிருப்போமா என்பது சந்தேகமே. மறுநாள் கட்டுரை எழுதச் சொன்னபோது, பேருந்தில் ஜன்னலோரம் யாருக்குக் கிடைத்தது என்பதைப் பற்றித்தான் பெரும்பாலோர் எழுதியிருந்தார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்கள் பொறுமையாகப் பார்க்கக் கிடைத்தது அந்த ஜன்னல் ஒன்றுதான். அதனால் இந்தப் பருவத்தில் தொலைதூரப் பயணம் எதையும் வைத்துக்கொள்ளாமல், நடந்து போகக்கூடிய தொலைவில் உள்ள ஒரு குளத்துக்கு நான்கு முறையும் அஞ்சலகத்துக்கு ஒரு முறையும் போய்வந்தோம். “பார்த்த குளத்தையே எத்தனை தடவை பார்ப்பது?” என்று சில பெற்றோர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான், அதற்குப் பதில் சொல்வதற்கே இந்த உரையின் பெரும்பகுதி போய்விடும்.

முதலில் வகுப்பறைக்குள் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். கண்ணாடிக் குடுவையின் உட்புறத்தில் ஈரமான உறிஞ்சு தாளைச் சுற்றி, தாளுக்கும் கண்ணாடிக்கும் இடையில் அவரை விதைகளைச் செருகி வைத்தோம். இது எல்லாப் பள்ளிகளிலும் செய்கிற வேலைதான். நாங்கள் கூடுதலாகச் செய்தது, நடக்கப்போவதை முன்கூட்டியே ஊகித்து எழுதவைத்ததும், வேர் விரலளவு நீண்ட பிறகு குடுவையைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்ததும் ஆகும். வேர் இனி மேல்நோக்கியே வளரும் என்று வகுப்பில் பாதிக்கு மேல் எழுதியிருந்தார்கள். இரண்டாம் நாள் காலையில் பார்த்தால், வேரின் நுனி கொக்கிபோல வளைந்து கீழே திரும்பியிருந்தது. “அதற்கு எப்படித் தெரியும், டீச்சர்?” என்று ஒரு சிறுமி மெல்லிய குரலில் கேட்டாள். புவியீர்ப்பை உணரும் செல்கள் வேர்நுனியில் இருக்கின்றன என்று நான் விளக்கியது அன்றல்ல, ஒரு வாரம் கழித்துத்தான். அந்த ஒரு வாரமும் கேள்வி அவளிடமே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இனி குளத்துக்கு வருகிறேன். முதல் முறை போனபோது கரையோர நீரில் தலைப்பிரட்டைகள் கூட்டங்கூட்டமாக இருந்தன. காலில்லை, வாலும் தலையும் மட்டுமே. வகுப்புக்குத் திரும்பியதும், இவற்றுக்குக் கால் முளைக்கும்போது முன்னங்கால் முதலில் வருமா, பின்னங்கால் முதலில் வருமா என்று ஒரு விவாதம் மூண்டது. வால் இருக்கும் பக்கத்தில் கால் வர இடமேது, ஆகவே முன்னங்காலே முதலில் வரும் என்று ஒரு சிறுவன் அடித்துப் பேசினான். அவன் பக்கம் பதினேழு பேர் சேர்ந்துகொண்டார்கள். பாடப்புத்தகத்தைத் திறந்திருந்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்கும். புத்தகத்தை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, அடுத்தடுத்த வாரங்களில் மறுபடியும் குளத்துக்கு அழைத்துப் போனேன். இரண்டாம் முறை ஒன்றும் தெரியவில்லை. அந்த ஏமாற்றமும் குறிப்பேடுகளில் பதிவாகியிருக்கிறது. மூன்றாம் முறை, வெள்ளைக் கிண்ணத்தில் நீரோடு அள்ளிப் பார்த்தபோது, வாலின் அடியில் நூலிழைபோல இரண்டு பின்னங்கால்கள் இருந்தன. எதிர்க்கட்சி ஆரவாரம் செய்தது. அடித்துப் பேசிய சிறுவனோ கிண்ணத்தின் பக்கத்தில் குந்தி வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, தன் பழைய படத்தை அழிக்காமல், அதன் கீழே புதிய படத்தை வரைந்து தேதி போட்டான். எங்கள் வகுப்பில் அழிப்பான் பயன்படுத்துவதில்லை என்ற விதி அந்த வாரத்தில்தான் பிறந்தது. உயிர்களைப் பார்த்த இடத்திலேயே திரும்ப விட்டுவிட வேண்டும் என்ற விதி முதல் நாளிலிருந்தே உண்டு.

இந்தக் கற்பித்தல் முறை ஒன்றும் புதிதல்ல. முதல் உலகப் போரில் நுரையீரலில் காயம்பட்டு, உரத்த குரலில் நெடுநேரம் பேச இயலாதவராக ஊர் திரும்பிய ஃபிரெஞ்சு ஆசிரியர் செலஸ்தேன் ஃப்ரெனே, 1920ஆம் ஆண்டு ஒரு சிற்றூர்ப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தார். அவர் பிள்ளைகளை வயலுக்கும் கைவினைஞர்களின் பட்டறைகளுக்கும் நடத்திச் சென்று, திரும்பி வந்ததும் கண்டதை அவர்கள் வாயாலேயே சொல்லவைத்து எழுதினார். சில ஆண்டுகளில் வகுப்பிலேயே ஒரு சிறு அச்சு இயந்திரத்தை வைத்து, அந்த எழுத்துகளைப் பிள்ளைகளே அச்சுக்கோத்துப் பிற பள்ளிகளுக்கு அனுப்பும்படி செய்தார். ஆசிரியரின் தொண்டை ஒத்துழைக்காததும் சில நேரங்களில் பிள்ளைகளுக்கு நல்லதாகவே முடிகிறது. எனக்குத் தொண்டை நன்றாகவே இருப்பதால், வாயை மூடிக்கொள்ளத் தனியாகப் பழக வேண்டியிருந்தது.

துணைக்கு வந்த பெற்றோரிடமும் அதையே வேண்டினேன். எட்டுப் பிள்ளைகள் கொண்ட ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டு பெரியவர்கள். ஒருவர் எப்போதும் நீர்ப்பக்கம் நிற்க வேண்டும். பதில் தெரிந்தாலும் உடனே சொல்லக் கூடாது. மூன்றாவதுதான் அவர்களுக்கு மிகவும் கடினமாக இருந்தது என்று பிறகு ஒப்புக்கொண்டார்கள். தலை எண்ணுவதில் எனக்கே ஒரு முறை சறுக்கியது. குளக்கரையில் மூன்று தடவை எண்ணியும் முப்பத்தொன்றுதான் வந்தது. அந்த அரை நிமிடத்தில் எனக்கு உயிரே போய்விட்டது. முப்பத்திரண்டாவது பிள்ளை என் முதுகுக்குப் பின்னால் நின்று என்னோடு சேர்ந்து எண்ணிக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து நான் எண்ணுவதில்லை. அவரவர் எண்ணை அவரவரே உரக்கச் சொல்கிறார்கள்.

பள்ளி முற்றத்தில் ஒரு கழியை நட்டு, வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில் அதன் நிழலை அளந்தோம். நிழலின் நீளம் வாரத்துக்கு வாரம் மாறுவதை அளவுகோலால் கண்டார்கள் என்பதோடு அதை விட்டுவிடுகிறேன்; அந்த அட்டவணை வெளியே சுவரில் இருக்கிறது.

அஞ்சலகத்துக்குப் போகும் முன்பு ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுக்கே ஒரு கடிதம் எழுதி, உறையில் தன் கையாலேயே முகவரி எழுதினார்கள். அனுப்புநர் இடத்தில் பள்ளி முகவரி. பிழைகளைத் திருத்த எனக்குக் கை துறுதுறுத்தது, திருத்தவில்லை. தபால்தலையின் மீது முத்திரை விழுவதையும், அதில் நாளும் ஊரும் பதிவதையும், கடிதங்கள் பகுதிவாரியாகப் பிரிக்கப்படுவதையும் பார்த்துவிட்டு வந்தார்கள். அடுத்த சில நாட்களில் முப்பத்தொரு கடிதங்கள் வீடு போய்ச் சேர்ந்தன. எஞ்சிய ஒன்று பன்னிரண்டாம் நாள் பள்ளிக்கே திரும்பி வந்தது. கதவு எண்ணையும் தெருவின் பெயரையும் எழுத மறந்திருந்தாள் அந்தச் சிறுமி. உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்; அழவில்லை. “அவர்கள் தேடியிருக்கிறார்கள், டீச்சர்” என்று, உறையின் மீது யாரோ கையால் எழுதியிருந்த குறிப்பைக் காட்டினாள். புதிய உறையில் முழு முகவரியும் எழுதி மறுபடியும் அனுப்பினோம். பருவத்தின் கடைசி வாரத்தில் அது வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. பழைய உறை இதோ, இந்தக் குறிப்பேட்டில் ஒட்டப்பட்டிருக்கிறது. கூட்டம் முடிந்ததும் வந்து பாருங்கள். பக்கத்தைப் புரட்டுவதற்கு முன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.