பயிற்சி அதேதான், விளையாட்டு மட்டும் புதிது

வணக்கம். முதியோர் பராமரிப்பு இல்லங்களில் குழு உடற்பயிற்சி நடத்துபவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "முதலில் ஆவலோடு வந்தவர்கள் இப்போது அழைத்தாலும் வருவதில்லை. புதிது புதிதாக எத்தனை பயிற்சிகளைத்தான் கண்டுபிடிப்பது?" அத்தனை பயிற்சிகளைக் கண்டுபிடிக்கத் தேவையில்லை என்பதே என் கருத்து. அசைவு அதேயாக இருக்கட்டும். அதைச் செய்யத் தூண்டும் காரணத்தை மாற்றுங்கள்.

தசை வலுப்பெற வேண்டுமானால் ஒரே அசைவு வாரக்கணக்கில் திரும்பத் திரும்ப நடக்க வேண்டும். 1990-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் மரியா ஃபியாடரோனும் அவருடைய சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், பராமரிப்பு இல்லத்தில் வாழ்ந்த, 90 வயதை ஒட்டிய 10 பேர் கால் தசைகளுக்கான எடைப் பயிற்சியில் சேர்ந்தார்கள். 8 வாரப் பயிற்சியை முடித்தவர்களின் தசை வலு சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. "இந்த வயதில் இனி என்ன இருக்கிறது" என்று யாராவது சொல்லும்போது எனக்கு நினைவுக்கு வருவது அந்த எண்தான். உலகச் சுகாதார நிறுவனமும் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதலில், 65 வயதைக் கடந்தவர்கள் உடல் சமநிலைக்கும் வலுவுக்குமான பயிற்சிகளை வாரத்தில் 3 நாட்களேனும் செய்ய வேண்டும் என்கிறது. ஆக, உடல் கேட்பது அதே அசைவை. மனம் கேட்பது புதுமையை. இரண்டையும் ஒன்றாகக் கொடுப்பதுதான் பயிற்சி நடத்துபவரின் வேலை.

இதோ, என் கையில் இருப்பது ஒரு சாதாரண பலூன். "கையைத் தோளுக்கு மேல் உயர்த்துங்கள்" என்று கேட்டால் பாதியிலேயே நிறுத்தி "இவ்வளவுதான் வரும்" என்பவர், பலூன் தன் தலைக்கு மேல் மிதந்து வரும்போது அதே கையை அதைவிட உயரத்துக்குத் தூக்கித் தட்டிவிடுவதை நீங்களே பார்ப்பீர்கள். பந்தைப் போல வேகமாக வராமல் இது நிதானமாக இறங்குவதால், பார்வை மங்கியவருக்கும் கை தாமதமாக எழுபவருக்கும் போதிய நேரம் கிடைக்கிறது. முகத்தில் பட்டாலும் வலிப்பதில்லை. முழுவதும் ஊதாமல் முக்கால் பங்கு மட்டும் ஊதுங்கள். சட்டென்று வெடித்து யாரையும் திடுக்கிட வைக்காது. வெடித்துவிட்டால் துண்டுகளை உடனே பொறுக்கிவிடுங்கள், ஏனென்றால் மறதி நோய் உள்ளவர்கள் அவற்றை வாயில் போட்டுக்கொள்ளக்கூடும். ரப்பர் ஒவ்வாமை உள்ளவர் குழுவில் இருந்தால் பலூனை விட்டுவிட்டு மெல்லிய துணியை வீசிப் பிடிக்கச் செய்யலாம். அடுத்த நாள் பலூனைக் கையால் தட்டாமல் அட்டையால் தட்டச் சொல்லுங்கள், அதற்கடுத்த நாள் நடுவில் ஒரு கயிறு கட்டி இரண்டு அணிகளாக உட்கார வையுங்கள். தோளுக்கு வேலை ஒன்றுதான், ஆட்டம் மூன்று.

நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சி இன்னும் முக்கியமானது, ஏனென்றால் கழிப்பறைக்குப் பிறர் உதவியின்றிச் சென்று வருவது அந்த ஒரு திறமையை நம்பித்தான் இருக்கிறது. பத்து முறை எழச் சொன்னால் சலிப்பு தட்டிவிடும். ஆனால் ஒரு கதையை உரக்கப் படித்து, முன்பே பேசி வைத்த ஒரு சொல் வரும்போதெல்லாம் எழ வேண்டும் என்று சொன்னால் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். மறுநாள் கதைக்குப் பதில் பாடல். பல்லவி திரும்பி வரும்போது எழலாம். எழ முடியாதவர்கள் கைப்பிடிகளை அழுத்தி உடலைச் சற்றே உயர்த்தினாலும் போதும். உட்காரும்போது தொப்பென்று விழாமல் மெதுவாக இறங்கச் சொல்லுங்கள், மூச்சை அடக்காமலிருக்க எண்ணிக்கையை உரக்கச் சொல்ல வையுங்கள். திடீரென எழுந்தால் ரத்த அழுத்தம் குறைந்து சிலருக்குத் தலை சுற்றும் என்பதால், முதலில் பாதங்களை மேலும் கீழும் சில முறை அசைத்த பிறகே இதைத் தொடங்க வேண்டும்.

நாற்காலிகளில் சக்கரம் இருக்கக் கூடாது, கைப்பிடி இருக்க வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கு பிரேக்கைப் போட்டு, எழ முயல்பவராக இருந்தால் கால்தாங்கியையும் விலக்கிவிடுங்கள். இடுப்பு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களும் எலும்பு அடர்த்தி குறைந்தவர்களும் எதைத் தவிர்க்க வேண்டும் என்பதை அவர்களுடைய மருத்துவரிடமோ ஃபிசியோதெரபிஸ்ட்டிடமோ முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாடித்துடிப்பை மட்டும் நம்பாதீர்கள், ஏனென்றால் இதய நோய்க்கான சில மாத்திரைகள் துடிப்பை உயரவிடாமல் வைத்திருக்கும். பேச்சுக் கொடுத்துப் பாருங்கள்: மூச்சு வாங்கினாலும் பேச முடிந்தால் நல்லது, பேச்சே தடைபட்டால் ஓய்வு கொடுக்க வேண்டும்.

புதுமை என்றால் எல்லாவற்றையும் மாற்றுவது என்று பொருளில்லை. தொடக்கமும் முடிவும் தினமும் ஒன்றாகவே இருக்கட்டும்; மறதி நோய் உள்ளவர்களுக்கு அந்த வழக்கமான முதல் பாட்டுதான் பயிற்சி நேரம் வந்துவிட்டதை உணர்த்துகிறது. நடுப்பகுதியில் மட்டும் ஒரு நேரத்தில் ஒரே ஒரு புதிய விஷயத்தைச் சேருங்கள். ஒரு முறைக்கு ஒரு கட்டளை சொல்லி, நீங்களும் செய்து காட்டுங்கள். எதிரே நிற்பதால் அவர்கள் வலது கையைத் தூக்க வேண்டுமென்றால் நீங்கள் இடது கையைத் தூக்க வேண்டும்.

ஒன்றை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். குழந்தைகளிடம் பேசுவது போல இவர்களிடம் பேசாதீர்கள். மழலைப் பாட்டும் வேண்டாம், ஒவ்வொரு அசைவுக்கும் "சமர்த்து" என்று கொஞ்சுவதும் வேண்டாம். ஒரு காலத்தில் குடும்பத்தையும் அலுவலகத்தையும் நிர்வகித்தவர்கள் இவர்கள். இன்றைக்கு எந்தப் பாட்டு என்பதை ஒருவர் முடிவு செய்யட்டும், எண்ணிக்கையை ஒருவர் சொல்லட்டும், அடுத்த அசைவு என்ன என்பதை இன்னொருவர் தேர்ந்தெடுக்கட்டும். தனக்கென்று ஒரு பொறுப்பு இருந்தால்தான் நாளைக்கும் வரத் தோன்றும்.

"எனக்கு வேண்டாம்" என்று கதவருகே உட்கார்ந்து பார்ப்பவர்களை வற்புறுத்த வேண்டாம். அவர்களிடம் புள்ளிக் கணக்கைக் கொடுத்து, அவர்களின் நாற்காலியையும் அரைவட்டத்துக்குள் போட்டுவிடுங்கள். பலூன் அந்தப் பக்கமும் போகும், தட்டுவதா வேண்டாமா என்பது அவர்கள் விருப்பம். அடுத்த காணொளியில், எழவே முடியாதவர்களுக்கும் கைப்பிடியைப் பிடித்து எழுபவர்களுக்கும் பிடிக்காமலே எழுபவர்களுக்கும் ஒரே கதையை வைத்து எப்படிப் பயிற்சி கொடுப்பது என்பதைச் செய்து காட்டுகிறேன்.