யெஸ்லர் வளர்த்தது ஊரைத்தான்!

நடுவர் அவர்களே, எதிரணியினரே, சியாட்டில் வாழ் சொந்தங்களே, வணக்கம். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

இன்றைய பட்டிமன்றக் கேள்வி: சியாட்டிலில் மர ஆலை வைத்த ஹென்றி யெஸ்லர் வளர்த்தது ஊரையா, தன் பையையா? ஊரைத்தான்! 1852இல் அவர் வந்தபோது இங்கே இருந்தது விரல்விட்டு எண்ணக்கூடிய குடும்பங்கள். ஆலை வைக்கக் கரையோரம் இடம் வேண்டுமென்றதும் முன்பே குடியேறியிருந்த போரனும் மேனார்டும் தங்கள் நில எல்லையையே நகர்த்தி வழிவிட்டார்கள். 1853இல், நம் கடற்கழியான பியூஜெட் சவுண்டின் முதல் நீராவி மர ஆலை ஓடியது. மேட்டிலிருந்து மரங்களைச் சறுக்கி இழுத்துவந்த அதே தடத்தில்தான், யெஸ்லர் வே என்ற தெருவில், இன்றைக்கு நீங்கள் பார்க்கிங் தேடி அலைகிறீர்கள்!

நிலம் இந்த மண்ணின் பூர்வகுடிகளான துவாமிஷ் மக்களுடையது. ஆலையில் உழைத்தவர்களிலும் அவர்கள் உண்டு. எதிரணியில் பேசிய அண்ணன் அதைக் கேட்டிருந்தால் நான் திணறியிருப்பேன். அவரோ "லாட்டரிச் சீட்டு விற்ற மேயர்" என்று ஒரு குத்து குத்திவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஆமாம் அண்ணே, விற்றார்! 1874இல் மேயர், 1876இல் கழுத்தளவு கடன். வசூலில் ஒரு பங்கு மலையைத் தாண்டிப் போகும் சாலைக்கு என்று சொல்லி லாட்டரி அறிவித்தார். சீட்டு 5 டாலர். முதல் பரிசு என்ன தெரியுமா? குக்கர் இல்லை, தங்கச் சங்கிலி இல்லை. அவருடைய ஆலையேதான்!

யோசித்துப் பாருங்கள். மரம் இழுக்கிற ஒருத்தனுக்குப் பரிசு விழுகிறது. காலையில் வந்து, "யெஸ்லர், கொஞ்சம் எழுந்திருங்க, அது என் நாற்காலி" என்கிறான். அவரும் எழுந்து, "சரிங்க முதலாளி, எனக்குச் சம்பளம் எவ்வளவு?" என்கிறார்!

அண்ணன் இன்னும் சிரிக்கவில்லை. மறுபடி சொல்கிறேன்: அது என் நாற்காலி! ஆ, சிரித்துவிட்டார்!

குலுக்கல் நடக்கவேயில்லை. நீதிமன்றம் அபராதம் போட்டது, 25 டாலர். வெறும் அஞ்சு சீட்டுக் காசு! அப்புறமும் இந்த ஊர் 1885இல் அவரையே மறுபடி மேயராக்கியது. பையை வளர்த்தவரையா அண்ணே ஆக்குவார்கள்?

ஆலைக்குப் பக்கத்தில் மரக்கட்டையால் கட்டிய ஒரு சாப்பாட்டுக் கொட்டகை இருந்தது. ஆலைக்காரர்கள் சாப்பிட்டது அங்கே. வழக்கு விசாரித்தது அங்கே. பாதிரியார் பிரசங்கம் செய்ததும் அங்கேதான். ஊரே சாப்பிட்ட இடத்தில் யெஸ்லர் பெற்ற பிள்ளை ஒருநாள் உட்கார்ந்து சாப்பிட்டானா? இல்லை நடுவரே. மனைவி சாரா 1858இல்தான் வந்து சேர்ந்தார். மகனை ஓஹையோவில் விட்டுவிட்டு வந்தார். அடுத்த வருஷமே பையன் அங்கேயே இறந்துபோனான்.

ஊரில் பிள்ளையையோ பெற்றவரையோ விட்டு வந்தவர்கள் இந்த அரங்கில் எத்தனை பேர்? உங்களிடமே கேட்கிறேன். அந்தத் தகப்பன் எதிரே நின்று, "நீ உன் பையை வளர்த்தவன்" என்று சொல்ல யாருக்காவது வாய் வருமா?

மணி அடிக்கிறார்கள். அடிக்கட்டும். தீர்ப்பை நடுவர் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.