லண்டனில் விமானம் மாற மட்டும் இறங்கினாலும் விசா வேண்டுமா?

(திரையில்: சென்னை, லண்டன், நியூயார்க் ஆகியவற்றை இணைக்கும் வரைபடம்)

வணக்கம். சென்னையிலிருந்து லண்டன் ஹீத்ரோ வழியாக வேறொரு நாட்டுக்குச் செல்லும் இந்தியர்கள் பலரும், எத்தனை மணி நேரம் வரை காத்திருந்தால் விசா வேண்டியதில்லை என்றுதான் முதலில் கேட்கிறார்கள். பிரிட்டனின் விதி முதலில் பார்ப்பது நேரத்தை அல்ல. பயணி இமிகிரேஷனை, அதாவது பாஸ்போர்ட் சோதனையை, கடந்து வெளியே வருகிறாரா, உள்ளேயே இருந்து அடுத்த விமானத்தில் ஏறுகிறாரா என்பதைத்தான்.

உள்ளேயே இருந்தாலும் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ட்ரான்சிட் விசா, அதாவது விமானம் மாறுவதற்கான விசா, தேவை. ஆனால் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளுள் ஒன்றின் காலாவதியாகாத விசா இருந்தால் விலக்கு உண்டு. அதனால் அமெரிக்காவுக்குப் படிக்கப் போகும் மாணவர் தடையின்றி விமானம் மாறுவார். பக்கத்து இருக்கையில் அமர்ந்து பிரேசிலுக்குப் போகிறவரிடம் இத்தகைய விசாவோ ட்ரான்சிட் விசாவோ இல்லையென்றால், சென்னையிலேயே அவரை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். உரிய ஆவணமில்லாத பயணியை அழைத்து வரும் விமான நிறுவனத்துக்கு பிரிட்டன் 2,000 பவுண்டு வரை அபராதம் விதிக்கிறது என்பதால், செக்-இன் கவுன்ட்டரில் இருப்பவர் நாடுகளின் விசா விதிகளைத் தொகுத்துத் தரும் டைமாடிக் என்னும் தரவுத்தளம் சொல்வதை மீற மாட்டார். அங்கே வாதாடிப் பயனில்லை.

(திரையில்: பெட்டியில் ஒட்டிய பட்டை, அண்மைக் காட்சியில்)

விலை குறைவு என்று இரண்டு தனித்தனி டிக்கெட்டுகள் எடுப்பவர்கள் இந்தப் பட்டையைக் கவனிக்க வேண்டும். இதில் நியூயார்க் விமான நிலையத்தின் குறியீடான ஜேஎஃப்கே என்று இருந்தால் பெட்டி நேராக நியூயார்க் போய்விடும். ஹீத்ரோவின் குறியீடான எல்எச்ஆர் என்று மட்டும் இருந்தால் அது லண்டனோடு நின்றுவிடும். அதை எடுக்கும் இடம் இமிகிரேஷனுக்கு அப்பால் இருப்பதால் வெளியே வந்தாக வேண்டும்; அதற்குப் பொதுவாக விசா வேண்டும். இரவில் ஹோட்டலில் தங்க நினைத்தாலும் இதே நிலைதான். அமெரிக்க விசாவுடன் அமெரிக்காவுக்கே செல்பவர், உறுதி செய்யப்பட்ட டிக்கெட்டுடன் மறுநாள் இரவு 11.59 மணிக்குள் புறப்படுவதாக இருந்தால், விசா இல்லாமலே வெளியே வர விண்ணப்பிக்கலாம். ஆனால் அனுமதிப்பது அங்குள்ள அதிகாரியின் முடிவு.

இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்போர் ஐரோப்பாவிலும் கவனமாக இருக்க வேண்டும். ஒரே விசாவில் சென்றுவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டமான ஷெங்கன் நாடுகள் அனைத்திலும் விமான நிலைய ட்ரான்சிட் விசா கேட்கப்படும் பொதுப் பட்டியலில் இலங்கையும் உள்ளது. அமெரிக்கா, கனடா, ஜப்பான் ஆகியவற்றின் செல்லுபடியாகும் விசா இருப்போருக்கு அங்கும் விலக்குண்டு.

அமெரிக்காவிலோ, உள்ளேயே இருந்து விமானம் மாறும் ஏற்பாடே கிடையாது. ஹூஸ்டனில் இரண்டு மணி நேரம் மட்டும் இறங்கி மெக்சிகோவுக்குச் செல்பவரும் இமிகிரேஷன் வரிசையில் நின்றாக வேண்டும். அவருக்கு சி-1 ட்ரான்சிட் விசாவோ வருகையாளர் விசாவோ இருக்க வேண்டும். அதற்கான நேர்காணல் தேதி எப்போது கிடைக்கிறது என்று தெரிந்த பிறகே அந்த வழித்தடத்துக்குப் பணம் கட்டுங்கள்.