வால் மங்கிய பிறகு

வணக்கம். படம் எடுப்பதைப் பற்றி, ஒரு படம்கூடக் காட்ட முடியாத வானொலியில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். சரி, பரவாயில்லை, இருட்டில் செய்கிற வேலைதானே இது.

2024 அக்டோபரில் சூச்சின்ஷான்-அட்லஸ் என்று ஒரு வால்நட்சத்திரம் வந்துபோனது பலருக்கு நினைவிருக்கும். சீனாவின் பர்ப்பிள் மவுண்டன் வானாய்வகமும், தென்னாப்பிரிக்காவில் இருக்கிற அட்லஸ் தொலைநோக்கியும் 2023 தொடக்கத்தில் தனித்தனியாகக் கண்டுபிடித்ததால் வாயில் நுழையாத இந்த இரட்டைப் பெயர். செப்டம்பர் 27 அன்று சூரியனை மிக நெருங்கிச் சுற்றிவிட்டு, அக்டோபர் 12 வாக்கில் நம்மிடமிருந்து ஏறத்தாழ 7 கோடி கிலோமீட்டர் தூரத்தில் கடந்தது. அந்த வாரம் எல்லோரும் செல்போனும் கையுமாக மேற்கே பார்த்து நின்றார்கள். அடுத்த வாரம் ஆளைக் காணோம். நான் பேச வந்தது அந்த அடுத்த வாரத்தைப் பற்றி.

பிரகாசமான வாரத்தில் என்ன சிக்கல் என்றால், வால்நட்சத்திரம் மட்டுமல்ல, வானமும் பிரகாசம். அடிவானத்தை ஒட்டிய அந்தி வெளிச்சம் ஒரு பக்கம், 17ஆம் தேதி பௌர்ணமியை நோக்கி வளர்கிற நிலா இன்னொரு பக்கம், அதற்கு நடுவே ஒரு தலையும் கொஞ்சம் வாலும் தெரியும், யார் எடுத்தாலும் படம் வரும், அதனால்தான் எல்லாப் படமும் ஒரே மாதிரி இருந்தது. 21, 22 தேதிகளில் நிலா தாமதமாக எழ ஆரம்பித்துவிட்டது. வால்நட்சத்திரமும் ஒவ்வொரு மாலையும் கொஞ்சம் கொஞ்சமாக உயரத்துக்குப் போய்விட்டது. தலை மங்கிவிட்டது, உண்மைதான், ஆனால் வால் முதன்முறையாகக் கருப்பு வானத்தில் கிடந்தது.

மங்குவது ஏன் இவ்வளவு வேகம் என்று கேட்பார்கள். சூரியனை விட்டு விலக விலக, மேலே விழுகிற வெயில் குறைகிறது, அந்த வெயிலால் ஆவியாகிற பனியும் அதோடு கிளம்புகிற தூசியும் குறைகிறது, போதாக்குறைக்கு அது நம்மை விட்டும் தள்ளிப் போகிறது. மூன்று நஷ்டமும் ஒரே நேரத்தில். அப்புறம் இன்னொரு ஏமாற்று வேலை இருக்கிறது. வால்நட்சத்திரத்தின் பிரகாசம் 3 என்று போட்டிருந்தால், 3ஆம் தர நட்சத்திரம் மாதிரி பளிச்சென்று தெரியும் என்று நினைத்துக்கொண்டு போகிறோம். நட்சத்திரத்துக்கு அந்த வெளிச்சம் ஒரே புள்ளியில். இதற்கோ ஒரு பெரிய திட்டு முழுக்கப் பரப்பிவிட்டது. கண்ணுக்கு வால் ‘முடிகிற’ இடம் என்பது, அது வானத்தின் பின்னணி வெளிச்சத்தோடு கலந்துவிடுகிற இடம், அவ்வளவுதான். அதற்கு அப்பாலும் வால் இருக்கிறது. அதைப் பிரித்து எடுப்பதுதான் நம் வேலை.

இதற்குப் பெரிய தொலைநோக்கி வேண்டும் என்று நினைத்து ஒதுங்கிவிடாதீர்கள். 1858இல் டொனாட்டி வால்நட்சத்திரத்தை முதலில் படமெடுத்தவர் வில்லியம் அஷர்வுட் என்ற புகைப்படக்காரர். மனிதர்களைப் படமெடுக்கிற எஃப் 2.4 லென்ஸ், 7 நொடி, வாலோடு கிடைத்தது. மறுநாள் ஹார்வர்டில் ஜார்ஜ் பாண்ட் என்ற வானியலாளர் பெரிய தொலைநோக்கி வழியாக நிமிடக்கணக்கில் திறந்து வைத்தும் தலையின் நடுப்பகுதிதான் பதிந்தது. பரந்து கிடக்கிற மங்கலான பொருளுக்கு லென்ஸின் எஃப் எண் சின்னதாக, அதாவது லென்ஸின் நீளத்துக்குத் துவாரம் அகலமாக இருப்பதுதான் முக்கியம். 50 அல்லது 135 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று போதும்.

முக்காலி மட்டும்தான் என்றால், 500ஐ லென்ஸின் மில்லிமீட்டரால் வகுத்தால் வருகிற நொடிகள்தான் ஒரு படத்துக்கு, அதைத் தாண்டினால் வானம் சுழல்வதில் நட்சத்திரம் கோடாகிவிடும். 50க்கு 10 நொடி. இப்போதைய கேமராக்களின் நுணுக்கத்துக்கு அதிலும் பாதிதான் நல்லது. ஃபோகஸை முடிவிலிக் குறியில் வைத்து நம்பாதீர்கள், ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைத் திரையில் 10 மடங்கு பெரிதாக்கி, அது குண்டூசி முனையாகும் வரை வளையத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, அங்கேயே டேப் ஒட்டிவிடுங்கள். ரா கோப்பாக, அதாவது கேமரா தன் இஷ்டத்துக்கு மெருகேற்றாத மூலப் பதிவாக எடுங்கள். அப்புறம் ஒன்று எடுத்துவிட்டு நிறுத்தாமல், நூறு எடுங்கள். 16 படங்களைக் கணினியில் ஒன்றாகச் சேர்த்தால் இரைச்சல், அதாவது இருட்டுப் படத்தில் தெரிகிற பொடிப் புள்ளிகள், நாலில் ஒரு பங்காகும், 100ஐச் சேர்த்தால் பத்தில் ஒரு பங்கு. மங்கிய வால் அந்த இரைச்சலுக்கு அடியில்தான் ஒளிந்திருக்கிறது.

சேர்ப்பதில் ஒரு வம்பு. வால்நட்சத்திரம் நட்சத்திரங்களோடு சேர்ந்து நகராது, தன் வழியில் போகும். நாளைக்கு 3 டிகிரி நகர்கிறது என்று வையுங்கள், ஒரு மணி நேரத்தில் நிலாவின் அகலத்தில் கால் பங்கு தள்ளிப் போயிருக்கும். நட்சத்திரங்களைப் பொருத்திச் சேர்த்தால் தலை இழுபட்டுவிடும், தலையைப் பொருத்திச் சேர்த்தால் நட்சத்திரமெல்லாம் கோடு. அதனால் இரண்டு விதமாகவும் சேர்த்து, பிறகு இரண்டையும் இணைக்கிறோம். இப்படிச் சேர்க்கிற டீப்ஸ்கைஸ்டாக்கர் என்ற மென்பொருள் இலவசம்தான், அதிலேயே வால்நட்சத்திரத்துக்கென்று தனி வழி இருக்கிறது. இப்படி இரண்டை ஒட்டுவது பித்தலாட்டம் என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, இரண்டுமே அங்கே இருந்தவைதானே.

இனி நான் பட்ட அவமானம். 14ஆம் தேதி வாக்கில் பூமி அந்த வால்நட்சத்திரத்தின் சுற்றுப்பாதைத் தளத்தைக் கடந்தது. அப்போது அது வழியெல்லாம் சிந்திவிட்டு வந்த தூசியைப் பக்கவாட்டில், தாளை விளிம்பு வழியாகப் பார்ப்பது போல நாம் பார்க்கிறோம், அதனால் சூரியன் பக்கமாக ஊசி மாதிரி ஓர் எதிர்வால் தெரிந்தது. நானும் எடுத்தேன். சேர்த்து, வெளிச்சத்தை இழுத்துப் பார்த்தால், எதிர்வாலோடு படத்தின் ஓரமெல்லாம் கருப்பு வளையம், நடுவில் ஏதோ புகை, பிரதான வாலின் பாதி அந்த வளையத்துக்குள் போயே போய்விட்டது. காரணம் லென்ஸ் இல்லை, நான்தான். ஃப்ளாட் எடுக்கவில்லை. சீரான வெளிச்சத்தைப் பார்த்து, அதே ஃபோகஸில், அதே துவாரத்தில் இருபது படம், ஐந்து நிமிட வேலை. எல்லா லென்ஸும் ஓரத்தில் இருட்டடிக்கும். அந்தக் குறையை ஃப்ளாட்டை வைத்துச் சரிசெய்யாவிட்டால், வாலை விட வளையம்தான் எடுப்பாகத் தெரியும். குளிராக இருக்கிறது, நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று டேப்பைப் பிரித்து, லென்ஸைக் கழற்றிப் பைக்குள் வைத்த அந்த நிமிடம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. கழற்றினால் போச்சு, அந்த ஃபோகஸ் திரும்ப வராது.

மாதக் கடைசியில் ஃப்ளாட்டோடு எடுத்தேன். கண்ணுக்கு எதுவுமே இல்லை. கேமரா திரையிலும் ஒரு மங்கல் பொட்டு, அவ்வளவுதான். மூன்று மணி நேரம் உட்கார்ந்து கணினியில் சேர்த்தால், பொட்டிலிருந்து மேல்நோக்கி, இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத ஒரு கீற்று. சந்தேகம் வந்துவிட்டது, பழைய பாடம் அப்படி. மறுநாள் மாலை கேமராவைக் கொஞ்சம் திருப்பி வைத்து, தலை படத்தின் வேறு மூலையில் வருகிற மாதிரி மறுபடியும் எடுத்தேன். கீற்று லென்ஸின் கோளாறு என்றால் பழைய இடத்திலேயே இருந்திருக்க வேண்டும். இல்லை. புது மூலையில், தலையிலிருந்து கிளம்பி, சூரியன் மறைந்த திசைக்கு நேர் எதிராக நீண்டிருந்தது.