அட்டமி நிலாவும் மைதானத்து விளக்கும்

(அறச்சலூர்ப் பக்கத்து ஊர் ஒன்றில், பள்ளி ஆண்டு விழாவில் பேசியது)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, எனக்கு முன்னால் ஆண்டறிக்கை வாசித்து அமர்ந்த தலைமையாசிரியர் ஐயா அவர்களே, பந்தலும் பாயும் கொடுத்து உதவிய பெற்றோர் ஆசிரியர் கழகத்துப் பெரியோர்களே, அத்தனை பேருக்கும் சுண்டல் தாளித்துக் கொடுத்த சத்துணவு அம்மாக்களே, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கமுங்க.

நிலா ஏன் தேய்கிறது, கிரகணம் ஏன் மாதாமாதம் வருவதில்லை, பஞ்சாங்கத்துத் திதி என்ன கணக்கு என்று மூன்று விஷயம் பேச ஒப்புக்கொண்டு வந்திருக்கிறேன்.

வந்ததும் ஆசிரியர்கள், பிள்ளைகளைக் கோளரங்கத்துக்குக் கூட்டிப் போகப் பணம் சேர்ப்பதாகச் சொன்னார்கள். நல்ல காரியம், போய் வாருங்கள். ஆனால் வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்? நிலா நம் மொட்டை மாடிக்கே வருகிறதே.

பூமியின் நிழல் விழுவதால்தான் நிலா தேய்கிறது என்று படித்தவர்களே சொல்கிறார்கள். அது இல்லைங்க. நிழல் விழுந்தால் அது கிரகணம். நிலாவின் ஒரு பாதியில் எப்போதும் வெயில் அடித்துக்கொண்டேதான் இருக்கிறது. அந்தப் பாதியில் எவ்வளவு நம் பக்கம் திரும்பியிருக்கிறதோ, அதுதான் பிறை. வீட்டில் ஒரு தேங்காய்க்கு விபூதி பூசுங்கள். இருட்டறையில் ஒரே ஒரு பல்பைப் போட்டு, தேங்காயைத் தலைக்குச் சற்று மேலே நீட்டிப் பிடித்து, பல்பைப் பார்த்து நில்லுங்கள். உங்கள் பக்கம் இருட்டு, அது அமாவாசை. அப்படியே இடது பக்கமாகக் கால்வட்டம் திரும்புங்கள். தேங்காயின் வலது பாதி வெளுக்கும், வளர்பிறை அட்டமி. பல்புக்கு முதுகு காட்டினால் பௌர்ணமி. கையைத் தாழ்த்தினால் உங்கள் தலை நிழல் தேங்காய் மேல் விழும். அதுதான் சந்திர கிரகணம். நிலாவின் பாதை 5 பாகை சாய்ந்திருப்பதால் பெரும்பாலான பௌர்ணமிகளில் அது நிழலுக்கு மேலேயோ கீழேயோ தப்பிப் போய்விடுகிறது. இரண்டாவது விஷயமும் இதிலேயே முடிந்தது.

எங்கள் அப்பாரு மஞ்சள் மூட்டை ஏற்றிக்கொண்டு ஈரோட்டு மண்டிக்கு மாட்டு வண்டியில் போவார். எனக்கு அப்போது எட்டு வயது. களத்துமேட்டில் வண்டிக்கு மசை போட்டுவிட்டு, கயிற்றுக் கட்டிலில் படுத்து, "நிலா விழுந்ததும் எழுப்பு சாமி" என்றார். கண்கொட்டாமல் பார்த்திருந்தேன். நடுச்சாமம் போல மேற்கே பனைமரத்துக்குப் பின்னால் நிலா இறங்கியது. எழுப்பினேன். பொழுது விடிய ஈரோடு போய்ச் சேர்ந்தோம்.

எட்டு நாள் கழித்து மறுபடியும் ஒரு நடை. அன்றைக்கு அவருக்குக் காய்ச்சல். ஒன்றும் சொல்லாமலே படுத்துவிட்டார். போன தடவை போலவே நானும் காத்திருந்தேன். பனைமரம் இருக்கிறது, நிலா விழவே இல்லை. மாடு இரண்டும் அசைபோட்டு முடித்துப் படுத்துவிட்டன. சேவல் கூவுகிறது, கிழக்கு வெளுக்கிறது, நிலா அப்போதுதான் பனைமரத்துக்கு வருகிறது. அன்றைக்கு மண்டி போச்சு. நான் அழுதுவிட்டேன். அப்பாரு திட்டவில்லை. மசை ஒட்டிய விரலை மடக்கி மடக்கிச் சொன்னார்: "அட்டமிக்கு அர்த்த ராத்திரி, பௌர்ணமிக்கு விடியக்காலம். நாளுக்கு ரெண்டு நாழிகை தள்ளிப் போகும் சாமி." பின்னாளில் பாடப் புத்தகத்தில் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் என்று படித்தேன். இரண்டு நாழிகை என்றால் 48 நிமிடம்! பள்ளிக்கூடம் போகாத மனுசர்.

இந்த மண்ணுக்கும் நிலாவுக்கும் உறவு பழசு. சந்திரயான் 1 திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை பொள்ளாச்சிப் பக்கம் கோதவாடிக்காரர். நிலவில் இறங்கும் கலத்தைச் சோதிக்க இஸ்ரோ நிலவு மண்ணுக்கு ஈடாகத் தேடியது, நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறை மண்ணை. வெண்ணெய் நம் கையில்தான் இருந்தது.

திதிக்கு வருகிறேன். சூரியனை விட்டு நிலா 12 பாகை விலகினால் ஒரு திதி. இதை விரித்தால் இராத்திரி போதாது. அதைவிட அவசரமான ஒன்றைத் தலைவர் அம்மாவிடம் கேட்க வேண்டும்.

இந்த மைதானத்து உயர்கோபுர விளக்கு. மில்லில் ஷிப்ட் முடிந்து வரும் பெண்பிள்ளைகளுக்கு அது கட்டாயம் வேண்டும், கழற்றச் சொல்லவில்லை. ஆனால் அதன் வெளிச்சத்தில் பாதி தரைக்கு வராமல் வானத்துக்குப் போகிறது. மேலே மூடி போடுங்கள். மாதத்தில் இரண்டு நாள், மூன்றாம் பிறையன்றும் அமாவாசையன்றும், ஏழு மணிக்கு அரை மணி நேரம் அணைத்து வையுங்கள். அந்த அரை மணி நேரம் வாத்தியார்களும் பெற்றோர்களும் பிள்ளைகளோடு இங்கே நிற்கட்டும். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு, அதைப் பார்க்க முடியாதபடி கண்ணில் வெளிச்சம் அடிப்பானேன்?

இன்றைக்கு வளர்பிறை அட்டமி. அம்மா அனுமதித்தால் நன்றியுரைக்கு முன்னால் பத்து நிமிடம் அந்த விளக்கை அணைக்கலாம். பிள்ளைகளே, பந்தலை விட்டு வெளியே வாருங்கள். பாதி நிலா மேலே இருக்கும். அதன் வெளுத்த பக்கம், பொழுது விழுந்த மேற்கைப் பார்த்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.